நுண்செயலியின் வெப்ப அளவீடு: தெர்மிஸ்டரிலிருந்து டிசிடிஎல் வரை

தன் கணினியின் நுண்செயலி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை இன்று யாரும் ஓர் இலவச மென்பொருளை நிறுவிப் பார்த்துவிடலாம். பார்த்த எண்ணை நம்புவதுதான் சிக்கல். காற்றால் குளிரும் சில்லு ஒன்று அறையைவிடக் குளிராக இருப்பதாகத் திரை சொல்லும்; அடுத்த வரியில் 127 டிகிரி அசையாமல் நிற்கும்; விசிறி மெதுவாகச் சுழலும் நேரத்தில் அதிவெப்ப எச்சரிக்கை வரும். உணரி கெட்டுவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் இந்த உணரிகள் வந்த வழியைப் பின்தொடர்ந்தால், இவற்றில் பெரும்பாலானவை பழுதல்ல என்று தெரிகிறது. சில்லு எரியாமல் காப்பதற்கும் விசிறியை ஓட்டுவதற்கும்தான் உணரிகள் வைக்கப்பட்டன. பயனருக்கு வெப்பநிலையைச் சொல்வது அவற்றின் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை.

வெப்பத்தைக் கண்காணிக்கும் தேவை மின்னணுக் கணினி அளவுக்குப் பழையது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களும் 150 கிலோவாட் மின்செலவும் கொண்ட எனியாக்கிலேயே தெர்மோஸ்டாட்டுகள் இருந்தன. மேசைக் கணினிக்கு அந்தக் கவலை தாமதமாகத்தான் வந்தது. 1993இல் வெளியான 66 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 16 வாட் வரை உறிஞ்சியபோது விசிறி கட்டாயமாயிற்று. விசிறி நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வியும் உடன் வந்தது. அதற்கு விடையாக நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் எல்எம்75, எல்எம்78 போன்ற கண்காணிப்புச் சில்லுகள் மதர்போர்டில் ஏறின. லினக்ஸில் இன்றும் புழங்கும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பின் பெயரில் அந்த வரிசை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைய ஏற்பாட்டின் பலவீனம் உணரி இருந்த இடத்தில். சாக்கெட்டின் நடுப்பள்ளத்தில் ஒரு தெர்மிஸ்டர் நின்றிருக்கும். அது அளந்தது சிலிக்கானின் சூட்டை அல்ல, அதற்கு அடியில் இருந்த பொதியின் சூட்டையும் அங்கே அடைபட்ட காற்றின் சூட்டையும். பல டிகிரி வேறுபாட்டோடு தாமதமும் சேர்ந்துகொள்ளும். இதன் விளைவை உலகம் பார்த்தது 2001 செப்டம்பரில். டாம்ஸ் ஹார்ட்வேர் இதழ், கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழற்றி எடுத்துப் படம்பிடித்தது. பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடியது. பென்டியம் III உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. ஏஎம்டியின் 1.4 கிகாஹெர்ட்ஸ் ஆத்லான் கண்ணெதிரே புகைந்து செத்தது. ஆத்லான் எம்பியும் தப்பவில்லை. கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிச் சாவைத்தான்: ஆத்லான் எம்பிக்குள் வெப்ப டயோடு ஏற்கெனவே இருந்தது. அதன் சொல்லைக் கேட்டு உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு அந்த மதர்போர்டில் இல்லை. 2003இல் வந்த ஆத்லான் 64, தானே நிறுத்தச் சொல்லும் திறனோடுதான் வந்தது.

இன்டெல் தரப்பில் 1990களின் இறுதியிலேயே சிலிக்கானுக்குள் டயோடு புகுந்துவிட்டது. சிலிக்கான் சந்தியின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும் என்பது பாடநூல் செய்தி. ஆனால் அந்த மின்னழுத்தம் சில்லுக்குச் சில்லு மாறுவதால் அதை நேரே நம்ப முடியாது. எனவே ஒரே டயோடில் 1க்கு 10 என்ற விகிதத்தில் இரண்டு மின்னோட்டங்களை மாற்றி மாற்றிச் செலுத்தி, கிடைக்கும் இரு மின்னழுத்தங்களின் வித்தியாசத்தை எடுக்கிறார்கள். அழகான உபாயம்தான். ஆனால் இந்த வித்தியாசம் டிகிரிக்கு 200 மைக்ரோவோல்ட் அளவே மாறுகிறது. மின்னோட்டங்கள் 10, 100 மைக்ரோஆம்பியர் என்றால், வழியில் உள்ள 1 ஓம் மின்தடையே கணக்கை அரை டிகிரி நகர்த்திவிடும். டயோடின் இயல்பெண்ணை 1 சதவீதம் தவறாக எடுத்துக்கொண்டால், தனிவெப்பநிலை அளவில் பெருக்குவதால், 70 டிகிரியில் மூன்று டிகிரிக்கு மேல் பிழை வரும். இதெல்லாம் மதர்போர்டு வடிவமைப்பாளரின் கையில் இருந்தது. பயாஸ் புதுப்பித்த மறுநாள் வெப்பநிலை மாறித் தெரிந்த மர்மத்துக்கு அந்த நாட்களில் காரணம் பெரும்பாலும் இப்படி ஏதோ ஒரு திருத்தம்தான்.

127 டிகிரியின் கதை இதைவிட எளிது. கண்காணிப்புச் சில்லின் எண் பெரும்பாலும் 8 பிட், குறியோடு. அதில் எழுதக்கூடிய உச்சம் 127, தாழ்வு கழித்தல் 128. உணரியே இணைக்கப்படாத உள்ளீடு இத்தகைய எல்லை எண்களில் ஒன்றைக் காட்டும். டயோடை எதிர்பார்க்கும் உள்ளீட்டில் தெர்மிஸ்டர் இருந்தால் அர்த்தமற்ற எண் ஒன்று வரும். எந்த உள்ளீட்டில் என்ன இணைந்திருக்கிறது என்பது மதர்போர்டு தயாரித்தவருக்குத் தெரியும். மென்பொருள் எழுதியவர் ஊகிக்கிறார். வேலைப்பளு கூடும்போதும் குறையும்போதும் அசையாத எண்ணைப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுவதே சரியான வழி.

இவற்றையெல்லாம் தீர்க்கவென்று வந்ததுபோல் தோன்றிய மாற்றம் 2006இல் கோர் டுவோவுடன் வந்தது. இலக்க வெப்ப உணரி ஒவ்வொரு கோரிலும் உட்கார்ந்தது. எண்ணை ஒரு பதிவகத்திலிருந்து நேரே படிக்கலாம். ஆனால் அந்தப் பதிவகத்தில் இருப்பது வெப்பநிலை அல்ல, உச்ச எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி மீதம் என்ற கணக்கு. டிஜே மேக்ஸ் எனப்படும் அந்த எல்லையிலிருந்து மீதத்தைக் கழித்தால்தான் வெப்பநிலை கிடைக்கும். மேசைக் கணினிக்கான கோர் 2 சில்லுகளுக்கு அந்த எல்லை எவ்வளவு என்று இன்டெல் சொல்லவில்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஒருவர் 85 என்றும் இன்னொருவர் 100 என்றும் வைத்துக்கொண்டார்கள். ஒரே சில்லு, ஒரே நொடி, 15 டிகிரி வேறுபாடு. 2008இல்தான் தன் மேம்பாட்டாளர் மாநாட்டில் இன்டெல் எண்களை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் வந்த நெஹலம் சில்லுகளில் எல்லையைப் பதிவகத்திலேயே எழுதி வைத்தது. ஒரே ஓர் எண்ணைச் சொல்லாமல் வைத்திருந்ததால் இரண்டாண்டுகளுக்கு மேல் நடந்த வீண் விவாதத்துக்கு அந்நிறுவனமே பொறுப்பு என்பது என் கருத்து.

எல்லை தெரிந்தபின்பும் ஒரு குறை நீடித்தது. உணரி உச்ச எல்லைக்கு அருகே சரிபார்க்கப்பட்டது; அங்கிருந்து விலக விலகப் பிழை கூடும். சில 45 நானோமீட்டர் கோர் 2 சில்லுகளில் எண் ஓரளவுக்குக் கீழே இறங்காமல் சிக்கியே நின்றது. சும்மா இருக்கும் கணினியில் அறையைவிடக் குறைவான எண் தெரிந்ததும் இப்படி விலகலில் கூடும் பிழையால்தான். காக்கும் உணரிக்கு 30 டிகிரியில் துல்லியம் எதற்கு? இன்னொரு குழப்பமும் உண்டு: கோர் 2 குவாட் கியூ6600இன் பிற்கால வடிவத்துக்கு இன்டெல் குறித்த 71 டிகிரி, சில்லின் உலோக மூடியின் நடுவில் அளப்பது. கோருக்குள் உள்ள உணரி அதைவிட அதிகம் காட்டுவது இயல்பு. இரண்டையும் ஒப்பிட்டு அஞ்சியவர்கள் ஏராளம்.

ஏஎம்டி வேறு வழியில் சென்று அதே இடத்துக்கு வந்தது. சாக்கெட் எஃப், ஏஎம்2+ ஆகியவற்றுக்கான சில சில்லுகளில் உள்ளுணரி தாறுமாறான எண் தரலாம் என்று அந்நிறுவனமே 319ஆம் பிழைக்குறிப்பில் ஒப்புக்கொண்டது. லினக்ஸின் கே10டெம்ப் இயக்கி இன்றும் அச்சில்லுகளில், பயனர் வற்புறுத்தினாலன்றி, வேலை செய்ய மறுக்கிறது. அந்த இயக்கியின் ஆவணம் இன்னொன்றும் சொல்கிறது: ஏஎம்டி தரும் டிசிடிஎல் என்ற அளவு உண்மையான வெப்பநிலை அல்ல, குளிர்விக்கும் தேவையைக் காட்டும் ஓர் அளவுகோல். 2017 மார்ச்சில் ரைசன் வந்தபோது இது எல்லோருக்கும் தெரியவந்தது. 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் உள்ளதைவிட 20 டிகிரி கூட்டிச் சொல்லின. எல்லா மாடல்களுக்கும் ஒரே விசிறிக் கொள்கை பொருந்தவேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே சேர்த்த 20 அது. 2700எக்ஸுக்கு 10, முதல் த்ரெட்ரிப்பர்களுக்கு 27. மென்பொருள்கள் மாடல் பட்டியல் வைத்துக் கழிக்கத் தொடங்கின. பட்டியல் பழையதானால் எண்ணும் தவறு.

எச்சரிக்கைகளும் இதே வழியில் பொருள் மாறின. பென்டியம் 4 காலத்தில் புராசஸ்ஹாட் சமிக்ஞை சில்லு தன் சூட்டைச் சொல்லும் குரல். பின்னர் அது இருவழிப் பாதையாயிற்று. மதர்போர்டின் பிற பகுதிகளும் அதை இழுக்கலாம். மடிக்கணினி ஒன்று குளிர்ந்திருந்தும் தவழ்ந்தால், வேறெங்கோ உள்ள உணரியோ அடையாளம் தெரியாத சார்ஜரோ அந்தக் கம்பியைப் பிடித்திருக்கலாம். ஹீட்சிங்க் பசையை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

லினக்ஸ் கெர்னல் நெடுங்காலம், கோர் எல்லையைத் தொட்டவுடன் நெருக்கடித் தரத்தில் செய்தி எழுதியது. புதிய மெல்லிய மடிக்கணினிகளோ சில மில்லிநொடிகளுக்கு எல்லையைத் தொட்டு மீளும்படியே அமைக்கப்பட்டவை. பதிவேடு முழுவதும் எச்சரிக்கையாக நிரம்பியது. 2020 ஜனவரியில் வெளியான 5.5ஆம் பதிப்பிலிருந்து, சூடு நீடித்தால்தான் கெர்னல் வாய் திறக்கிறது, அதுவும் தணிந்த குரலில். 2022இன் ரைசன் 7000 வரிசையை, முழுப்பளுவில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படி ஏஎம்டி வடிவமைத்தது. பழைய வழக்கப்படி 80இல் எச்சரிக்கை வைத்திருப்பவருக்கு அந்தக் கணினியில் மணி ஓயாது. எல்லையை உயர்த்திவிட்டுச் சும்மா இருக்கலாம். மனம் ஒப்பாதவர் பயாஸில் ஈக்கோ மோடைத் தேர்ந்து மின்னாற்றலை 65 வாட் தரத்துக்கு இறக்கிக்கொள்ளலாம். வேகம் ஓரளவு குறையும், எண் நன்றாகவே இறங்கும்.