வெடிக்குப் போகாத கந்தகம்

சிவகாசிப் பக்கம் கந்தகம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்குப் பட்டாசுதான் ஞாபகம் வரும். தப்பில்லை. கருமருந்துல 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். தீக்குச்சி மருந்துலயும் கந்தகம் உண்டு. ஆனா அதே மஞ்சப் பொடிக்கு எங்க கரிசக்காட்டுல இன்னொரு வேலையும் இருக்கு. மிளகாய்ச் செடியைக் காப்பாத்துற வேலை. மண்ணுலயும் அடுப்புலயும் கிடைச்ச பொடிகளை வச்சு விவசாயி பூச்சியோட மல்லுக்கட்டின கதை ரொம்பப் பழசு. அதுல ஒரு பகுதிதான் இந்தப் பதிவு.

முதல்ல வர்றது அடுப்புச் சாம்பல். விடியக்காலைல பனி ஈரம் காயுறதுக்குள்ள கத்தரிக்கும் அவரைக்கும் சாம்பல் தூவுவாங்க. அசுவினி கொஞ்சம் அடங்கும். ஒரு மழை பெஞ்சா சாம்பல் கழுவிட்டுப் போயிரும், திரும்பவும் தூவணும். அடுத்தது செம்மண். துவரையைச் செம்மண் குழம்புல புரட்டி, வெயில்ல காயப்போட்டுக் குலுக்கையில கொட்டி வச்சா வண்டு லேசுல விழாது.

இது ஏன் பலிக்குதுங்குறதுக்கான விளக்கம் ரொம்பப் பிந்தித்தான் வந்துச்சு. பூச்சியோட உடம்பு மேல மெல்லிசா ஒரு மெழுகுப் பூச்சு இருக்கு. உள்ள இருக்குற ஈரத்தைக் காக்குறது அதுதான். நைசான மண் துகள் அந்த மெழுகை உரசிரும், இல்லைன்னா உறிஞ்சிரும். பூச்சி உள்ளுக்குள்ள வறண்டு செத்துப்போகும். 1940கள்ல இங்கிலாந்துல விக்கிள்ஸ்வொர்த் என்ற பூச்சியியல் அறிஞர் இதை விளக்கமா எழுதினார். 1959இல் மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, பக்குவப்படுத்துன களிமண்ணும் கரியும் பூச்சியைக் கொல்லும்னு ஆய்வு வெளியிட்டாங்க. இன்னைக்கும் 100 கிலோ பயறு விதைக்கு 1 கிலோ பக்குவப்படுத்துன களிமண் கலந்து வைக்கச் சொல்றது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. பாட்டிமார் பூசுன செம்மண்ணுக்கு இது நெருங்கின சொந்தம்.

கந்தகம் பயிருக்கு வந்த வழி வேற. 1845இல் இங்கிலாந்துல மார்கேட் ஊர்த் தோட்டக்காரர் டக்கர், திராட்சையில வெள்ளை வெள்ளையாப் படர்ற சாம்பல் நோயைப் பார்த்தார். கந்தகம் கலந்து தெளிச்சதுல அது கட்டுப்பட்டுச்சு. சில வருசத்துல அதே நோய் பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடுனப்பவும் கந்தகத் தூள்தான் காப்பாத்துச்சு. அப்போ உலகத்துக்கே கந்தகம் கொடுத்தது இத்தாலியோட சிசிலித் தீவு. இன்னைக்குப் பெரும்பாலும் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகள்ல இருந்து வருது.

சிவகாசிக்குக் கந்தகம் வந்தது தீப்பெட்டி வழியா. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் படிச்சுட்டு வந்து ஆரம்பிச்சது அது. பட்டாசு அதுக்கு அப்புறம் வளர்ந்துச்சு. அந்தக் காலத்துல பருத்திக்காட்டுக்கு மருந்துன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. 1919லயே சென்னை மாகாணம் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் போட்டுச்சு. குறிச்ச தேதிக்குள்ள பருத்திமாரைப் பிடுங்கிரணும், பூச்சி அடுத்த வெள்ளாமைக்குத் தங்கக்கூடாதுங்குறதுதான் அன்னைய வைத்தியம்.

இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் டி.டி.டி.யும் பி.எச்.சி. பொடியும் வந்துச்சு. தூவின மறுநாளே பூச்சி கொத்துக்கொத்தா விழுந்துச்சு. சாம்பலையும் செம்மண்ணையும் யார் தேடப்போறா? ஆனா ஒரு வில்லங்கம் கூடவே வந்துச்சு. சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால். அது பூச்சி இனமே இல்லை. டி.டி.டி. அதை ஒண்ணும் பண்ணல. அதைத் தின்னுற பொறிவண்டைத்தான் கொன்னுச்சு. உலகம் பூராவும் டி.டி.டி. தெளிச்ச இடங்கள்ல சிலந்திப்பேன் பெருகினது இப்படித்தான். பி.எச்.சி.க்கு 1997இல் நம்ம நாட்டுல தடை வந்துச்சு. கந்தகம் மட்டும் அன்னைக்கும் இன்னைக்கும் கடையில இருக்கு.

இப்போ மிளகாயில இலை கீழ்ப்பக்கமாச் சுருண்டா சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் தெளிக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணிக்கு 3 கிராம். மேல்பக்கமாச் சுருண்டா அது இலைப்பேன் வேலை. அதுக்கு இதை நம்பி உக்கார முடியாது. பருத்திக் காய்ப்புழுவுக்கும் இது ஆகாது. உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகிரும், எங்க ஊர் வெயில் தெரியும்ல. எண்ணெய் மருந்து அடிச்ச பயிருக்கு ரெண்டு வாரமாவது இடைவெளி வேணும். வெள்ளரிக் கொடிக்கும் கந்தகம் ஒத்துக்காது, சாத்தூர்க்காரங்களுக்கு இது நல்லாத் தெரியும்.

இங்க ஒரு எச்சரிக்கையும் சொல்லியாகணும். பட்டாசு வேலைக்கு வர்ற கந்தகத்தைக் காட்டுக்குக் கொண்டு வரக்கூடாது. தூள் தண்ணியில கரையாம மிதக்கும், தெளிப்பானை அடைக்கும். அதைவிட முக்கியம், அதுல குளோரேட் உப்பு கொஞ்சம் கலந்திருந்தாக்கூட உரசுனாலே தீப்பிடிச்சுக்கும். வெடி ஆலையில ஆள் சாகுறது எதனாலன்னு பார்த்து வளர்ந்த ஊரு இது. விவசாயத்துக்குன்னு முத்திரை போட்ட பொட்டலத்தை மட்டும்தான் வாங்கணும்.

இந்தக் கதையில நகரத்து நண்பர்களுக்கும் ஒரு பங்கு இருக்கு. செம்மண் பூசுன துவரை கடையில அழுக்காத் தெரியும். பளபளன்னு இருக்குறதுதான் முதல்ல விலை போகும். வாங்குறவங்க கேக்காத பொருளை விக்கிறவங்க வைக்க மாட்டாங்க, நாங்களும் பூச மாட்டோம். வண்டு வராம இருக்க அப்புறம் வேற மருந்துதான் போகும். செம்மண் பூசுன துவரை எங்கயாவது கண்ணுல பட்டா வாங்கி, ரெண்டு தண்ணி கூடுதலா அலசிட்டு வேக வச்சுப் பாருங்க.