ரூபிஸ்கோவும் அதன் தோழிகளும்: ஒரு தோல்வியின் வரலாறு

ஒரு தாவர நொதியை ஆராய வேண்டுமெனில், அதன் மரபணுவை ஈ.கோலி பாக்டீரியாவினுள் செலுத்தி, நொதியை அங்கேயே உருவாக்கிக்கொள்வது இன்றைய ஆய்வகங்களின் அன்றாட நடைமுறை. ஆனால், தாவரங்களின் தலையாய நொதியான ரூபிஸ்கோ, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்முறைக்கு இணங்கவில்லை. அந்த இணங்காமையே ஒரு பெரிய கண்டுபிடிப்புக்கு வழிகோலியது.

1947இல் கலிபோர்னியாவில் சாமுவேல் வைல்ட்மேனும் ஜேம்ஸ் பானரும் ஸ்பினாச் இலைகளிலிருந்து ஒரு பெரும் புரதத்தைப் பிரித்தறிந்தனர். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து உணவாக்கத்தைத் தொடங்கிவைக்கும் நொதி அதுவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆயினும் அது மிக மெதுவான நொதி. நொடிக்குச் சில மூலக்கூறுகளையே கையாளும். போதாக்குறைக்கு, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பற்றிக்கொள்ளும். இக்குறைகளைக் களைந்தால் பயிர் விளைச்சல் பெருகக்கூடும். அதற்கு நொதியின் அமைப்பை மாற்றி மாற்றிச் சோதித்தாக வேண்டும். சோதிக்க அதை பாக்டீரியாவில் உருவாக்கியாக வேண்டும்.

சிக்கல் அங்கேதான் எழுந்தது. தாவர ரூபிஸ்கோவில் எட்டுப் பெரிய அலகுகளும் எட்டுச் சிறிய அலகுகளும் உள்ளன. பெரிய அலகின் மரபணு பசுங்கணிகத்திலும், சிறியதன் மரபணு உட்கருவிலும் இருக்கின்றன. 1980களில் பெரிய அலகை பாக்டீரியாவில் உருவாக்கியபோது, அது உரிய வடிவம் பெறாமல் கரையாத திரளாகக் கட்டிக்கொண்டது.

அமினோ அமில வரிசை ஒன்றே புரதத்தின் வடிவத்தை முடிவுசெய்யும் என்ற கருத்து அன்று வேரூன்றியிருந்தது. ஆனால் 1980இலேயே இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் பாராக்ளஃப், எல்லிஸ் இருவரும் பட்டாணிப் பசுங்கணிகத்தில் ஒன்றைக் கவனித்திருந்தனர்: புதிதாய்ப் பிறந்த பெரிய அலகுகள் வேறொரு புரதத்துடன் ஒட்டியிருந்தன. அப்புரதமும் ஈ.கோலியின் குரோஇஎல் என்ற புரதமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என 1988இல் நிறுவப்பட்டது. தகாத சேர்க்கையைத் தடுத்து, உரிய சேர்க்கைக்குத் துணைநிற்கும் இவற்றை ஆங்கிலத்தார் சாப்பரோன் என்றனர். அகத்திணை மரபை அறிந்த நாம் தோழிப் புரதங்கள் எனலாம்.

1989இல், குரோஇஎல்லின் துணையோடு பாக்டீரிய இன ரூபிஸ்கோ ஈ.கோலியில் சரிவர உருப்பெறுவது காட்டப்பட்டது. தாவர ரூபிஸ்கோவுக்கோ அது போதவில்லை. 2017இல்தான் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிறுவனத்தில் மனாஜித் ஹேயர்-ஹார்ட்ல் குழுவினர், பசுங்கணிகச் சாப்பரோனினுடன் மேலும் நான்கு துணைப்புரதங்களைச் சேர்த்து, அரபிடாப்சிஸ் தாவரத்தின் ரூபிஸ்கோவை ஈ.கோலியில் முழுமையாக உருவாக்கினர்.

குழாயின் அடியில் படிந்த கரையாத திரளைக் கழிவாக மட்டும் எண்ணியிருந்தால், அது ஏன் திரண்டது என்னும் வினா எழுந்திராது. நம் ஆய்வேடுகளிலோ பலிக்காத சோதனைகளுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. ஆய்வு மாணவர்கள் அவற்றைப் பதிந்துவைக்கவும், நெறியாளர்கள் அதற்கு இடமளிக்கவும் வேண்டும். அடுத்து வருபவருக்கு அந்தப் பக்கமே தொடக்கப்புள்ளியாகலாம்.