மாகாணி ஏக்கரும் இரண்டு வெள்ளாடும்



தோட்டப்புற வரலாறு என்றவுடன் பால்வெட்டும் கங்காணியும் லயமும் நம் நினைவுக்கு வருகின்றன. லயத்தின் பின்புறம் நின்ற ஆட்டுக் கொட்டகை நினைவுக்கு வருவதில்லை. கோலசிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த ஏழைத் தமிழருள் பலருக்கு ‘என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ள இருந்த சொத்து ஆடுமாடுகள்தாம். அச்சொத்து எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு மறைந்தது என்பதை இப்பதிவில் எழுத விழைகிறேன்.

சட்டம் தந்த துண்டு நிலம்

சேலம், திருச்சி, வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டோருள் பலர் மானாவாரி நிலத்தையும் ஆட்டு மந்தையையும் நன்கறிந்தவர்கள். இங்கு வந்தபின், குடியிருந்த வீடும் தோட்டத்தினது. வெட்டிய மரமும் தோட்டத்தினது.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் ஒரு சிறு வழியைத் திறந்தது. குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம், பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஒதுக்கப்பட வேண்டும் என அது விதித்தது. நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் பதினாறில் ஒன்றுக்கு மாகாணி என்று பெயர். மாகாணி ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,720 சதுர அடி. அதில் பயிரிடலாம், மேய்க்கலாம். சொந்தம் கொண்டாட முடியாது. வேலை போனால் நிலமும் போய்விடும்.

ஏன் ஆடு?

பால்வெட்டு விடியற்காலைப் பெரட்டுக்குப் பின் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிந்துவிடும். எஞ்சிய பொழுதில் புல்லறுக்கவும் குழை ஒடிக்கவும் இயன்றது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, நாட்கூலியும் இல்லை. அத்தகைய நாட்களுக்கு ஆடே சேமிப்பு.

பசு வாங்கப் பெருந்தொகை வேண்டும். வெள்ளாட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. கைப்பணம் இல்லாதவர், பிறருடைய பெட்டையை வாரத்திற்கு வாங்கி வளர்த்து, ஈனும் குட்டிகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மலாய்க்காரர்களிடையேயும் ‘பாவா’ என்னும் பெயரில் இம்முறை உண்டு. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். நன்கு பேணினால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று ஈனும். ஓர் ஈற்றில் இரண்டு குட்டியும் கிடைப்பதுண்டு. ஈரமிகுந்த இம்மண்ணில் குளம்பு அழுகலும் குடற்புழுவும் வராதிருக்க, தரைக்கு மேலே பலகை இடைவெளி விட்டுப் பரண் அமைத்தனர். கீழே விழும் புழுக்கை காய்கறிப் பாத்திக்கு எருவாயிற்று.

விற்பனைக்கும் தடையில்லை. தீபாவளிக்கும் முனியாண்டி கோயில் கிடாய் வெட்டுக்கும் நம்மவர் வாங்குவர். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு மலாய்க்காரர் வாங்குவர். என் பாட்டியார் ஆண்டுதோறும் பள்ளி திறக்குமுன் ஒரு கிடாயை விற்றுவிடுவார். எங்கள் சீருடையும் காலணியும் புத்தகப் பையும் அந்தப் பணத்தில் வந்தவையே. ஆட்டுப் பணத்தில் படித்த பிள்ளைகள் நம்மிடையே எத்தனையோ பேர்!

மேய்ச்சல் நிலம் மறைந்த கதை

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இவ்வட்டாரத்தில்தான் உருவானது. பத்தாங் பெர்சுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) அருகிலுள்ள தெனமாரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரர் என்றி ஃபொகோனியே அதனைத் தொடங்கினார். பிற்காலத்தில் ரப்பர் மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை பரவியபோது, இளங்கன்றுகளைக் கடித்துவிடும் என்பதால் தொழிலாளரின் கால்நடைகளுக்குப் பல நிருவாகங்கள் தடை விதித்தன. களைக்கொல்லி தெளித்த புல்லும் ஆட்டுக்கு ஆகாது. 1980களில் ரப்பர் மரங்களுக்கிடையே செம்மறியாடு வளர்த்தால் களையெடுக்கும் செலவு குறையும் என ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் காட்டின என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, தோட்டங்களே கைமாறின. வேலை நீக்கத்திற்கான 1980ஆம் ஆண்டு விதிமுறைகள், சேவைக் காலத்திற்கேற்ப ஓராண்டுக்கு 10 முதல் 20 நாள் சம்பளத்தை இழப்பீடாக வகுத்தன. கொட்டகைக்கும் மேய்ச்சலுக்கும் அதில் கணக்கில்லை. மேரி, நைகல் கார்டனர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் ஒரு வீட்டுக்காகவே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராட நேர்ந்தது. வரிசை வீடோ அடுக்குமாடியோ கிடைத்தவர்களுக்கும் ஆட்டைக் கட்ட இடமில்லை. கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வந்தனர். இன்று மலேசியர் உண்ணும் ஆட்டிறைச்சியில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெளிநாட்டிலிருந்து வருகிறது.

நாம் செய்யத்தக்கது

தோட்டத் தமிழர் சேமிக்கத் தெரியாதவர் என்று கூறுவோர் உளர். அது தவறு. அவர்கள் சேமித்தனர், அச்சேமிப்பை நிறுத்தி வைக்க நிலம் அவர்களுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

ஆசிரியர்களே, பள்ளித் திடலில் 52 அடி நீளமும் 52 அடி அகலமும் அளந்து கயிறு கட்டுங்கள். ஒரு குடும்பத்திற்குச் சட்டம் வகுத்த மாகாணி ஏக்கர் அதுதான் என மாணவர்க்குக் காட்டுங்கள். பெற்றோர்களே, தாத்தா பாட்டியிடம் எத்தனை ஆடு இருந்தது, எதற்காக விற்றார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும். இவற்றை நாம் எழுதாவிடில் வேறு யார் எழுதுவர்?