மழை வரும்போல

ஜூனில் கேரளத்தின் களமசேரியில் மேகம் கறுத்தால், ‘மழ பெய்யுமென்னு தோன்னுன்னு’ என்பார்கள் மலையாளிகள். தமிழருக்கு அது ‘மழை வரும் போலிருக்கு’. கொரியருக்கோ ‘பிகா ஓல் கொத் கத்தா’. கடைசியில் நிற்கும் ‘கத்தா’வுக்கு ‘ஒத்திருக்கிறது’ என்று பொருள். நம் ‘போலிருக்கு’ அப்படியே!

1886-இல் ஆசிரியராகக் கொரியா போன அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், கொரிய மொழி, திராவிட மொழிகள் ஆகிய இரு பக்கத்து வாக்கிய அமைப்பிலும் இப்படி ஒற்றுமை கண்டார். இரண்டையும் ஒப்பிட்டு 1905-இல் சியோலில் இலக்கண நூலே வெளியிட்டார். அவர் சொன்ன இனவுறவை இன்றைய மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனாலும் அந்த உழைப்பு மதிப்புக்குரியது.

கொரியருக்கு ஊகம் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. நனைந்த குடையோடு ஒருவர் உள்ளே வந்தால், கொரியர் ‘பிகா ஓனா போதா’ என்பார்கள். ‘போதா’ தனியே வந்தால் ‘பார்’. மழையைப் பார்க்காமல், குடையில் சொட்டும் நீரைப் பார்த்து ஊகிக்க அந்த வினை. அங்கேயும் தமிழுக்குக் கைகொடுப்பது ‘போல’தான்: ‘வெளியே மழை போல.’