காய்ச்சலும் பாய்ச்சலும்: சேற்றுக்குள் ஓர் எலக்ட்ரான் கணக்கு

தஞ்சைப் பாசனத்தின் வரலாறு பெரும்பாலும் கல்லணையில் தொடங்கி, 1934இல் திறந்த மேட்டூர் அணையோடு முடிந்துவிடுகிறது. மடை தாண்டி வயலுக்குள் வந்த தண்ணீர் சேற்றுக்குள் என்ன செய்தது என்பது அந்த வரலாற்றில் ஏறவில்லை. கட்டிய நீரை வற்றவிட்டு, மண்ணில் மயிர்க்கோடாக வெடிப்பு கண்டதும் மறுபடி பாய்ச்சுவதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். இதைத் தண்ணீர் சிக்கனம் என்று மட்டும் சொல்வது போதாது. மண்ணின் எலக்ட்ரான் வரவு செலவையும் இவ்வழக்கம் நேர்செய்து வந்தது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கொழிஞ்சித் தழையும் பழைய நெல்தாளும் சேற்றில் மட்கும்போது நுண்ணுயிர்கள் அவற்றிலிருந்து எலக்ட்ரான்களைக் கழற்றுகின்றன. அந்த மட்கை எளிமைக்காகக் குளுக்கோஸ் என்று கொண்டால், 180 கிராம், அதாவது ஒரு மோல், 24 மோல் எலக்ட்ரான் தரும். ஏற்பதற்கு ஆள் வேண்டும். ஒரு சதுர மீட்டர் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 50 லிட்டர். லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தாலும் மொத்தம் 0.4 கிராம்தான், அதாவது 0.0125 மோல். மூலக்கூறுக்கு 4 எலக்ட்ரான் வீதம் அது ஏற்பது 0.05 மோல். அரை கிராம் சர்க்கரைக்குக்கூட அது காணாது! நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகமோ காற்றில் பரவுவதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே நைட்ரேட், மாங்கனீசு, இரும்புத் துரு, சல்பேட் என ஒவ்வொன்றாகச் சுமையை ஏற்கின்றன. இரும்பு அணுவுக்கு ஒரே எலக்ட்ரான் என்பதால் 24 மோலுக்கு 1.34 கிலோ இரும்பு வேண்டும். துருவும் சல்பேட்டும் தீர்ந்தபின் மிஞ்சும் எலக்ட்ரான்கள் மீத்தேனாகின்றன. ஒரு மூலக்கூறில் எட்டு அடங்கும். 180 கிராமும் அந்த வழியே போனால் 48 கிராம் மீத்தேன்.

வயலில் கால் வைத்ததும் கிளம்பும் குமிழி அதுதான். கோயம்புத்தூரில் டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் நெல்வயல் வாயுக்களை ஆராய்ந்து 1913 முதல் எழுதினார்கள். மண்ணுக்குள் மீத்தேன் நிறைந்திருப்பதையும், சேற்றின் மேல்படலம் அதை ஆக்சிஜனேற்றுவதையும் அவர்கள் கண்டார்கள். உலக அளவிலேயே முன்னோடியான வேலை இது. காயப்போடும்போது அந்த மேல்படலத்தின் வேலை வயல் முழுக்க நடக்கிறது. காற்று வெடிப்பில் இறங்க, எலக்ட்ரானை வாங்கிக் கரைந்த இரும்பு அதை ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு மீண்டும் துருவாகிறது. அடுத்த பாய்ச்சலில் முதல் சுமையை ஏற்க ஆள் தயார்.

முறைவைத்துத் தண்ணீர் வந்ததால்தான் வயல் காய்ந்தது, இதில் வேதியியல் அறிவு எங்கே என்று கேட்கலாம். தட்டுப்பாடு காரணமாக இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் வழக்கம் எதனால் பிறந்தது என்பது வேறு, என்ன செய்தது என்பது வேறு. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காய்ச்சலில் அம்மோனியம் நைட்ரேட்டாகி, மறுபாய்ச்சலில் அணுவுக்கு ஐந்து எலக்ட்ரான் வாங்கி நைட்ரஜன் வாயுவாகப் பறந்துவிடும். அது உரம் போட்டவரின் காசு. நீர் நிற்பதிலும் நன்மை உண்டு: துரு கரையும்போது அதில் பிடிபட்ட பாஸ்பரஸ் பயிருக்குக் கிடைக்கிறது. எனவே அளவில்லாத காய்ச்சலை இந்தக் கணக்கு ஆதரிக்கவில்லை. நீர்மட்டம் மண்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சச் சொல்கிறது இன்றைய பரிந்துரை. பூக்கும் பருவத்தில் காயப்போடவே கூடாது. மற்ற நாளில் ஒரு தூரைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். துரு படிந்து பழுப்பாக இருந்தால் தண்டு வழியே காற்று இறங்குகிறது. கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் வடிகாலைத் திறந்துவிடுங்கள்.