ஐந்து ஷில்லிங் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை: கடைத் திருட்டின் சட்டக் கதை

எளாவூரில் ஹைவேயை ஒட்டி ஒரு சூப்பர் மார்க்கெட். பில் போடும் இடத்துக்குப் பின்னால் சுவரில் ஏழெட்டு போட்டோ ஒட்டியிருந்தது. எல்லாம் கேமராவில் இருந்து பிரிண்ட் எடுத்தவை. மேலே ஸ்கெட்ச் பேனாவில் 'திருடர்கள்'னு தலைப்பு. பாதிக்கு மேல் சிப்காட்டில் வேலை பார்க்கும் வடமாநிலப் பையன்கள். யூனிஃபார்மில் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் இருந்தாள்.

"என்னண்ணே இது, போலீஸுக்குப் போகலியா?"ன்னு கேட்டேன்.

"முப்பது ரூபா சோப்புக்கு யாரு சார் ஸ்டேஷனுக்கு அலையறது? பத்து மடங்கு கட்டிட்டுப் போகச் சொல்றோம். கட்டாதவன் போட்டோ சுவத்துல ஏறும்."

அவர் பக்கமும் நியாயம் இருக்கு. நூறு ரூபாய் வியாபாரத்தில் ஐந்து ரூபாய் நிற்கும்னு வைத்துக்கொண்டால், ஒரு சோப்பு போனதை ஈடுகட்ட இன்னும் பத்தொன்பது சோப்பு விற்க வேண்டும். ஆனாலும் அந்தச் சுவர் மனசை விட்டுப் போகவில்லை. இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது, முன்பு என்ன சொன்னது என்று தேட ஆரம்பித்தேன். நான் வக்கீல் இல்லை. சட்டப் புத்தகத்தைப் பொறுமையாகப் படிக்கிற ஒரு சாஃப்ட்வேர் ஆள், அவ்வளவுதான்.

கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. 1699இல் இங்கிலாந்தில் கடைத் திருட்டுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 5 ஷில்லிங் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள சரக்கைக் கடையில் இருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்தால் தூக்கு. ஒரு துண்டுத் துணிக்கு ஒரு உயிர். இதை ஜூரிகளாலேயே தாங்க முடியவில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கும் பொருளை '4 ஷில்லிங் 10 பென்ஸ்தான் பெறும்' என்று தெரிந்தே குறைத்து மதிப்பிட்டு ஆளைக் காப்பாற்றினார்கள். தூக்கில் இருந்து தப்பிய பலர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். இந்தத் தண்டனையை நீக்க சாமுவேல் ரோமிலி கொண்டுவந்த மசோதாவை 1810இல் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. பயம் போனால் கடைகளே மிஞ்சாது என்பது எதிர்த்தவர்களின் வாதம். 1820களில் அந்தத் தூக்கு ஒழிந்தது. கடைகள் இன்னும் இருக்கின்றன.

இந்தியாவுக்கு வருவோம். 1860இன் தண்டனைச் சட்டத்தில் கடைத் திருட்டு என்று தனிப் பிரிவு கிடையாது. சாதாரணத் திருட்டுக்கு 379: மூன்று ஆண்டு வரை சிறை. குடியிருக்கும் கட்டிடத்திலோ, பொருளைப் பாதுகாத்து வைக்கும் கட்டிடத்திலோ திருடினால் 380: ஏழு ஆண்டு வரை. வீட்டையும் கிடங்கையும் காப்பதற்கான இந்த 380க்குள் கடையும் வந்துவிடும். 1864இல் சவுக்கடிச் சட்டம் வந்தது. சிறைக்குப் பதிலாகத் திருடனுக்குச் சவுக்கடி கொடுக்கலாம். 1909இல் அதைப் புதுப்பித்தார்கள். அடி முழுசாக ஒழிந்தது 1955இல். ஆமாம், சுதந்திரம் வாங்கி எட்டு வருஷம் கழித்து!

அதே வெள்ளைக்காரன் காலத்தில் இன்னொரு ஓடையும் ஓடியது. 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு, முதல் தடவை தப்பு செய்தவரை நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்றது. எந்தெந்தக் குற்றம் என்ற பட்டியலில் 'திருட்டு', 'கட்டிடத்தில் திருட்டு' இரண்டையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். சென்னை மாகாணம் 1936இலேயே தனி நன்னடத்தைச் சட்டம் போட்டது. 1958இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. அதன் 3ஆம் பிரிவு 379, 380 இரண்டையும் எண்ணோடு குறிப்பிட்டு, நீதிமன்றம் கண்டித்து அனுப்பிவிடலாம் என்கிறது.

இப்போது 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. இதில் 303(2) ஒரு நல்ல விஷயம் செய்தது. பொருளின் மதிப்பு 5000 ரூபாய்க்குக் கீழே, முதல் தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது என்றால் சிறை இல்லை, சமூக சேவை. ஜாமீனும் உண்டு. கைது செய்ய வாரன்ட் வேண்டும். அட, பரவாயில்லையே என்று நினைத்தேன்.

ஆனால் பழைய 380தான் இப்போது 305. பொருளைப் பாதுகாக்கும் கட்டிடம், ஏழு ஆண்டு வரை, ஜாமீனில் விட முடியாத வகை, எல்லாம் அப்படியே இருக்கிறது. 5000 ரூபாய்ச் சலுகை வாசகம் மட்டும் அங்கே இல்லை. விளைவு என்ன? தெருவில் நிற்கும் 4000 ரூபாய் சைக்கிளைத் தூக்கியவனுக்குச் சமூக சேவை. கடை அலமாரியில் இருந்து 30 ரூபாய் சோப்பை எடுத்தவன் மேல் 305 போட இடம் இருக்கிறது. எங்கள் தொழிலில் இதை 'எட்ஜ் கேஸை டெஸ்ட் பண்ணலை' என்போம். 1898இல் கட்டிடத் திருட்டையும் மறக்காமல் சேர்த்தவர்கள் போட்ட வழி நல்லவேளையாக இன்னும் திறந்திருக்கிறது: 1958 சட்டமும், புதிய நடைமுறைச் சட்டத்தின் 401ஆம் பிரிவும். தண்டனை தரும் நேரத்தில் நீதிபதி அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதுவரைக்கும் அந்தப் பையன் ரிமாண்டில் இருக்க நேரிடலாம். ஜாமீனுக்கு ஆள் நிற்க அவனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?

சரி, கடைக்காரர் என்ன செய்யலாம்? கண்ணெதிரே ஜாமீனில்லாக் குற்றம் நடந்தால் பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். பத்து மடங்கு வசூலிக்க எந்தப் பிரிவும் இல்லை. குடோனில் பூட்டி வைத்தால் அது சட்டவிரோத அடைப்பு. 'காசு கொடு, இல்லாட்டி படத்தை ஒட்டுவேன்' என்றால் மிரட்டிப் பறித்தல் ஆகிவிடலாம். 18 வயது ஆகாதவர் என்றால் விசாரிப்பது சிறார் நீதி வாரியம். அவர் படத்தை வெளியிடவே கூடாது என்பது 2015 சட்டம்.

தூக்கு, சவுக்கு, சிறை, கண்டிப்பு, சமூக சேவை என்று முன்னூறு வருஷத்தில் சட்டம் மெல்ல மெல்ல இறங்கி வந்திருக்கிறது. சுவர் மட்டும் இறங்கவில்லை. அதில் விசாரணை இல்லை, அப்பீல் இல்லை, தண்டனைக் காலமும் இல்லை.

இதையெல்லாம் கடைக்காரரிடம் சொன்னேன். "உங்களுக்கு என்ன சார், படிச்சவங்க" என்றார். போன வாரம் பால் வாங்கப் போனபோது பார்த்தேன். அந்தப் பெண்ணின் படம் இருந்த இடத்தில் டேப் ஒட்டிய தடம்தான் இருந்தது. பையன்களின் படங்கள் அப்படியே இருக்கின்றன.