புதினாவுக்கு வெளிச்சம் சொன்ன சேதி

புதினாவுக்கு விதை வாங்கிப் போட்டவர் நம்மில் யாராவது உண்டா? சட்னிக்கு ஆய்ந்த தண்டைத் தொட்டியில் செருகினால் போதும், தழைத்துவிடும். இதில் ஒரு சங்கடமும் உண்டு. தாய்ச்செடிக்கு நோய் இருந்தால் பிள்ளைக்கும் அதுவே சீதனம். தில்லியில் புதினா எண்ணெய் வியாபாரம் செய்யும் எனக்கு இது பட்டறிவு. எனக்கு எண்ணெய் தரும் பாராபங்கி விவசாயி ஒருவர், வெளியே வாங்கி நட்ட ஓடுதண்டில் அழுகல் நோய் இருந்து, அந்த வருஷப் பயிரே போச்சு. அதற்குப் பிறகுதான் திசு வளர்ப்பைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கதை 1902-ல் தொடங்குகிறது. ஒரே ஒரு அணுவிலிருந்து முழுச் செடியை எழுப்பலாம் என்றார் ஆஸ்திரிய அறிஞர் ஹேபர்லாண்ட். அவர் எடுத்த செடிகளில் ஒன்றான லாமியம் புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையணுக்களைச் சர்க்கரை கலந்த உப்புக் கரைசலில் இட்டார், வெளிச்சமும் காட்டினார். அணுக்கள் வாரக்கணக்கில் பிழைத்தன, பெருத்தன. ஆனால் ஒன்றுகூட இரண்டாகப் பிரியவில்லை. சோறு இருந்தது, விளக்கும் இருந்தது. 'வளர்' என்று சொல்லும் சேதி இல்லை.

அந்தச் சேதி மெல்ல மெல்லக் கிடைத்தது. 1928-ல் வெண்ட் என்பவர் ஆக்சினை நிலைநாட்டினார். 1955-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மில்லரும் ஸ்கூக்கும் குழுவினரும் கைனடினைக் கண்டார்கள். எதிலிருந்து என்கிறீர்கள்? ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டி.என்.ஏ.யிலிருந்து! சமணனான எனக்கு மனசு கூசியது. மேலே படித்த பிறகே நிம்மதி: அதைச் செயற்கையாகவே செய்துவிடலாம், 1960-களில் அதே வேலையைச் செய்யும் ஜியாட்டின் மக்காச்சோளத்திலேயே கிடைத்தது. 1957-ல் புகையிலைத் திசுவில் ஸ்கூக்கும் மில்லரும் காட்டியது இது: ஆக்சின் மிகுந்தால் வேர், கைனடின் மிகுந்தால் தளிர், இரண்டும் ஒத்திருந்தால் உருவற்ற திசுக்கட்டி.

வெளிச்சமும் வெறும் உணவு தயாரிக்க மட்டுமல்ல. 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் லெட்யூஸ் விதைகளை வைத்துச் சோதித்தார்கள். சிவப்பொளி பட்டால் முளைத்தது, அகச்சிவப்பை ஒட்டிய தொலைச்சிவப்பு பட்டால் அடங்கியது. கடைசியாகப் பட்டது எதுவோ அதுவே தீர்ப்பு.

இன்று புதினாவின் கணுத்துண்டைச் சுத்தம் செய்து, 1962-ல் முராஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்த ஊடகத்தில் வைக்கிறார்கள். பென்சைல் அடினைன் கொஞ்சம், வழக்கமாக நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம். கணுவிலிருந்து தளிர்கள் கிளம்பும். மருந்து கூடிப்போனால் தளிர் குட்டையாகி, கண்ணாடிபோல் நீர்கோத்துக் கெட்டுவிடும். அளவுதான் எல்லாம்.

இந்த வரலாற்றில் நம் தில்லிக்கும் பங்குண்டு. 1964-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து, மகரந்தத்திலிருந்தே கருக்களை உருவாக்கி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள்.

'குப்பியில் வளர்ந்தது போலிச் செடி' என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். செடி தனக்குள் பேசிக்கொள்ளும் மொழியைத்தான் அங்கே நாம் பேசிப் பார்க்கிறோம். ஓரறிவுயிர் என்று நம் முன்னோர் சொன்ன அது, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நமக்குப் பேசத் தெரிய அறுபது வருஷம் ஆயிற்று, அவ்வளவே.